உடனுழைப்போரிடையே நம்பிக்கை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுற்றிருக்கும் இந்நன்னாளில், என்னையும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இத்தகைய மேடைகளில் "படியுங்கள், தேர்வெழுதுங்கள், வேலைக்குச் செல்லுங்கள்" என்றே நாங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அவ்வாறே நீங்களும் படித்தீர்கள். இன்று அலுவலகங்களிலும், தொழிற்சாலைகளிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும், கணினி நிறுவனங்களிலும் பணிபுரிகிறீர்கள். ஆனால் வேலை கிடைத்தபின், அங்கே பிறரோடு கூடி உழைப்பது எங்ஙனம் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டே, உடனுழைப்போரிடையே நம்பிக்கையும் மனந்திறந்த பேச்சும் எவ்வாறு உண்டாகின்றன என்பதுபற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உழைத்த இடம் பண்ணை. அங்கே சொல் ஒரே திசையில்தான் ஓடியது. ஆண்டை சொல்வார், ஆள் செய்வான். மடை உடைந்து தண்ணீர் வீணாவதைக் கண்ணால் கண்டவன்கூட, கேட்டாலன்றி வாய் திறக்க அஞ்சினான். "நீ யாரடா எனக்குச் சொல்ல?" என்ற ஒரு கேள்வியில் அவன் கூலியும் போகும், குடிசையும் போகும். அந்நாளில் மௌனம் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. அக்கவசத்தை அணிந்தே அவர்கள் நம்மை வளர்த்தார்கள். ஆகவே அதனை நான் இகழ மாட்டேன். "தவளை தன் வாயால் கெடும்" என்று நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்ததும் அந்த அச்சத்தினால்தான். ஆனால் "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்ற பழமொழியும் அதே வீடுகளில்தான் வழங்கியது. இவ்விரண்டில் எதனை எப்போது கைக்கொள்வது என்பதே இன்று பணியிலிருக்கும் நம் இளைஞர் முன் உள்ள கேள்வி.

இக்கேள்வியை நான் நூலறிவால் மட்டும் எழுப்பவில்லை. என் தவறொன்றிலிருந்து கற்றதையே முதலில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்குரிய கல்வி உதவித்தொகைப் பட்டியலை அனுப்ப வேண்டியிருந்தது. பட்டியலை நானே சரிபார்த்துக் கையொப்பமிட்டேன். அதில் ஓரிடத்தில் வங்கிக் கணக்கு எண்கள் ஒரு வரி கீழிறங்கிவிட்டன. ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே அடுத்த பிள்ளையின் கணக்கு எண் நின்றது. இவ்வாறு பதினொரு பிள்ளைகளின் பெயர்கள் பிறழ்ந்து போயின. பணம் திரும்பிச் சென்றது. திருத்தப்பட்ட பட்டியல் மீண்டும் போய், பணம் வந்து சேர ஐந்து மாதங்கள் ஆயின. வரவேண்டிய அத்தொகையை நம்பி ஒரு மாணவியின் தாயார் கடன் வாங்கியிருந்தார். அந்த ஐந்து மாத வட்டியையும் அவர் நடவுக் கூலியிலிருந்தே கட்டினார்.

பிழை எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்தபோதுதான் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று தெரிய வந்தது. எங்கள் அலுவலகத்தின் இளநிலை உதவியாளர், பட்டியல் போவதற்கு முதல்நாளே அப்பிழையைக் கண்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. "ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் தலைகுனிந்து நின்றார். பின்னர், "ஐயா, இரண்டு வாரத்துக்கு முன்னால் சம்பளப் பட்டியலில் ஒரு கூட்டல் தவறைக் காட்டினேன். வெளியாட்கள் இருந்தார்கள். 'நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்' என்றீர்கள். அதனால்தான்..." என்று நிறுத்திவிட்டார்.

அவையோரே, அந்த உதவியாளர் நம்மவர். அவர் குடும்பத்தில் அரசு வேலைக்கு வந்த முதல் ஆள். நானும் நம்மவனே. ஒரே தெருவின் துயரத்தை அறிந்த இருவர் ஒரே அறையில் இருந்தோம். ஆயினும் பண்ணையில் என் பாட்டனார் கேட்ட அதே குரலை, அவர் என் வாயிலிருந்து கேட்டார். ஒரே இனத்தவர் என்பதனால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது என்பதை அன்று உணர்ந்தேன். சம்பளப் பட்டியலில் நான் திருத்த மறுத்தது ஒரு கூட்டல் பிழை. அதற்கு வட்டி கட்டியவரோ, எங்கள் அலுவலகத்தையே கண்டிராத ஒரு தாய்.

நம்பிக்கை என்றால் என்ன? சேர்ந்து தேநீர் அருந்துவதும், பிறந்தநாளுக்கு இனிப்பு வழங்குவதும், சிரித்துப் பேசுவதும் நல்லவையே. எனினும் பணியிடத்தில் நம்பிக்கை என்பதற்கு நான் கொள்ளும் பொருள் வேறு. "உண்மையைச் சொன்னால் இவர் என்னை அவமதிக்க மாட்டார், தவறை ஒப்புக்கொண்டால் அதனை ஆயுதமாக்க மாட்டார், ஒப்புக்கொண்ட வேலையை முடிப்பார்" என்ற மூன்று உறுதிகளும் ஒருவர்பால் ஒருவருக்கு இருத்தலே நம்பிக்கை. அது ஒரே நாளில் வருவதன்று. திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்திற்குத் "தெரிந்து தெளிதல்" என்று பெயர். அப்பெயரே ஒரு பாடம். முதலில் ஆராய்ந்து அறிதல், அதன்பின்னர் நம்புதல். ஒருவரையொருவர் அறிய வேண்டுமாயின் பேச வேண்டும்; பேச வேண்டுமாயின் அச்சம் நீங்க வேண்டும்.

அச்சத்தின் விலை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். விமான வரலாற்றில் இதனினும் அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து வேறில்லை. கே.எல்.எம். நிறுவனத்தின் விமானத்தை ஓட்டியவர் அந்நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர்களுள் ஒருவர். கட்டுப்பாட்டு நிலையத்தின் இசைவு வருமுன்னரே அவர் விமானத்தைப் புறப்படச் செய்தார். எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்ற ஐயம் உடனிருந்த பொறியாளருக்கு எழுந்தது. அதனை அவர் கேட்கவும் செய்தார். மூத்தவர் உறுதியாக மறுமொழி சொன்னார். அந்த உறுதியின் முன் பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை. துணை விமானியும் தடுக்கவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. அறியாமையினால் நேர்ந்த அழிவு அதுவன்று. ஐயம் அவ்வறையிலேயே இருந்தது. மேலானவரைத் தடுத்து நிறுத்தும் துணிவும், தடுத்தால் நின்று கேட்கும் பழக்கமும்தாம் அங்கே இல்லை.

விமானத்துறையினர் இதிலிருந்து பாடம் கற்றனர். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கெனவே ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் விமானிகளுக்கு இத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் ஐயத்தைத் தெளிவாகச் சொல்லவும், மூத்தவர் அதனைக் கேட்டு நிற்கவும் இப்பயிற்சி கற்பிக்கின்றது. இன்று உலகெங்கும் விமானிகள் இதனைப் பெறுகின்றனர். எனவே மனந்திறந்து பேசுவதும் கேட்பதும் பிறவிக் குணங்கள் அல்ல. பயின்று பெறக்கூடிய தொழில்திறன்களே என்பது விளங்கும்.

மற்றொன்றும் கூறுவேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் என்னும் அம்மையார், 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஏடுகளைப் பார்த்தபோதோ, நல்ல குழுக்களிலேயே மிகுதியான தவறுகள் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து நோக்கியபோது காரணம் புலப்பட்டது. அக்குழுக்கள் மிகுதியாகத் தவறு செய்யவில்லை; செய்த தவற்றை மறைக்காமல் வெளியே சொல்லின. அஞ்சிய குழுக்களோ மறைத்தன. ஆகவே, "எங்கள் அலுவலகத்தில் பிழையே இல்லை" என்று ஒரு தலைவர் பெருமை பேசுவாராயின், அங்கே பிழை இல்லையா, அன்றிப் பிழையைச் சொல்வார் இல்லையா என்று நாம் கேட்க வேண்டும்.

இனி, நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பணிவாழ்விலிருந்து இரண்டு காட்சிகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்கல்வி கற்று, அவர் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். அவ்வளவு பெரிய கல்விமானின் மேசைமேல், அங்கிருந்த கடைநிலை ஊழியர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினர். தங்குவதற்கு இடமும் கிடைக்காமல் அவர் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு மும்பையில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களுக்குரிய குடத்திலிருந்து அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றிய சிலர் எதிர்த்தனர். உடனுழைப்போரின் நம்பிக்கையின்மை எத்தனை கொடியது என்பதை அவரினும் அறிந்தவர் யார்?

அத்தகையவர் ஒரு குழுவுக்குத் தலைவரானபோது எவ்வாறு நடந்துகொண்டார்? 1947 ஆகஸ்டு 29-இல் அமைக்கப்பட்ட அரசியலமைப்பு வரைவுக் குழுவில் ஏழு உறுப்பினர்கள். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், சிலர் தொலைவில் இருந்தனர். பெருஞ்சுமை அண்ணலின் தோள்மேலேயே விழுந்தது என்பதை டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவர்கள் அச்சபையிலேயே எடுத்துரைத்தார். வரைவுக்கு 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அம்மறுப்புகள் பலவற்றுக்கு அவர் அவையில் விடையளித்தார்.

1949 நவம்பர் 25-ஆம் நாள் அவர் ஆற்றிய நிறைவுரையைப் படித்துப் பாருங்கள். புகழ் முழுவதையும் தமக்கே உரியதாக்கிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அவரோ, முதல் வரைவைத் தயாரித்த பி.என். ராவ் அவர்களுக்கும், சிக்கலான கருத்துகளையும் தெளிந்த சட்டமொழியில் எழுதித் தந்த எஸ்.என். முகர்ஜி அவர்களுக்கும் பெருமையைப் பகிர்ந்தளித்தார். நள்ளிரவு கடந்தும் உழைத்த அலுவலக ஊழியர்களையும் மறவாமல் குறிப்பிட்டார். அதற்கும் மேலாக, காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு முதலிய, தம்மை ஓயாமல் எதிர்த்து வாதாடிய உறுப்பினர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினார். அவர்கள் கருத்துகளைத் தாம் ஏற்காவிடினும், அவர்கள் எழுப்பிய வினாக்களால் அரசியலமைப்பின் அடிப்படைகளை விளக்கும் வாய்ப்புத் தமக்குக் கிட்டியதென்று மகிழ்ந்தார். கோப்புகளை வீசியெறிந்த அலுவலகத்தைக் கண்டவர், கீழ்நிலை ஊழியரின் நள்ளிரவு உழைப்பையும் கண்டார். தலைமை என்பதற்கு நமக்கு வேறு இலக்கணம் வேண்டுமோ?

இளைஞர்களே, இவற்றிலிருந்து நீங்கள் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தெரியாததைத் தெரியாது என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் பலர், "இவருக்கு இதுவும் தெரியவில்லை, ஒதுக்கீட்டில் வந்தவர்தானே" என்ற ஏளனத்திற்கு அஞ்சி, கேட்காமலேயே இடர்ப்படுகின்றனர். முதல் வாரத்தில் கேட்டால் அது கற்றல். ஓராண்டு கழித்துத் தெரியாமை வெளிப்பட்டால் அது குறையாகிவிடும்.

இரண்டாவது, உங்கள் பிழையை நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறர் கண்டுபிடிக்குமுன் நீங்கள் சொன்ன பிழை, அடுத்தமுறை உங்கள் சொல்லுக்கு மதிப்பைச் சேர்க்கும். சொல்லும்போதே அதனைச் சரிசெய்ய என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிறர் பிழையைச் சுட்டும்போது பணியைப்பற்றிப் பேசுங்கள், ஆளைப்பற்றிப் பேசாதீர்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்பது சண்டை. "மூன்றாம் பக்கத்தில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை, ஒருமுறை பாருங்கள்" என்பது உதவி. அதனையும் உரியவரிடமே நேரில் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவதைப்போல் ஒரு குழுவை அரிப்பது வேறில்லை. சொன்ன செய்தி பெரிதாயின், பின்னர் இரண்டு வரி எழுதியும் கொடுங்கள்.

நான்காவது, ஒப்புக்கொண்ட சிறு வேலையையும் சொன்ன நாளில் முடியுங்கள். முடியாதெனில் முன்கூட்டியே தெரிவியுங்கள். வேளைக்கு நிறைவேறும் சிறு வாக்குகளால்தான் நம்பிக்கை வளரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், தனிக்குவளை வைப்பதும், பெண்ணைச் சீண்டுவதும் "கருத்து வேறுபாடுகள்" ஆகா. அவற்றை மனந்திறந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எவரேனும் உங்களுக்கு அறிவுரை சொன்னால் அதனை ஏற்காதீர்கள். 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்கென்றே உள்ளன. 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் பெண்களின் முறையீட்டைக் கேட்க உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், எழுத்து மூலம் முறையிடுங்கள், சங்கத்திடமும் சொல்லுங்கள். தன்மானத்தை விலையாகக் கேட்கும் ஒற்றுமை நமக்கு வேண்டாம்.

இனி, என்னைப்போல் தலைமைப் பொறுப்பில் இருப்போர்க்கு ஒரு சொல். பேசுமாறு இளையவர்க்கு அறிவுரை கூறுவது எளிது. பேசியவரைக் காப்பது நம் கடமை. அச்சத்தை நீக்கும் வலிமை, அதிகாரம் உடையவரிடமே மிகுதியாக இருப்பதால், முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவரும் அவரே. கூட்டத்தில் தலைவர் தம் கருத்தை இறுதியில் சொல்லட்டும். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்க்குத் தலையசைப்பதன்றி வேறு வேலையில்லை. கெட்ட செய்தி கொண்டு வந்தவர்க்கு முதலில் நன்றி சொல்லட்டும். "யார் செய்தது?" என்னும் கேள்விக்கு முன் "எப்படி நேர்ந்தது?" என்று கேட்கட்டும். பலர் முன்னிலையில் கடிந்து பேசியிருந்தால், பலர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவிக்கட்டும்.

நானும் அவ்வாறு செய்தேன். மறுவாரம் ஆசிரியர் கூட்டத்தில், உதவித்தொகைப் பட்டியல் பிழைக்கு என் கடுஞ்சொல்லே காரணம் என்று கூறி, அந்த உதவியாளரிடம் வருத்தம் தெரிவித்தேன். வட்டி கட்டிய அத்தாயாரையும் நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டு, அவ்வட்டித் தொகையை என் கைப்பணத்திலிருந்து கொடுத்தேன். அதுமுதல் திங்கட்கிழமைதோறும் கால்மணி நேரம் அனைவரும் கூடுவது என்று வைத்தோம். ஆசிரியர்களோடு அலுவலக உதவியாளரும், சத்துணவு அமைப்பாளரும், துப்புரவுப் பணியாளரும் அமர்ந்தனர். முதல் நான்கு வாரங்கள் எவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் வாரம், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் ஒரு மாதமாக உடைந்திருப்பதைத் துப்புரவுப் பணியாளர் அம்மையார் சொன்னார். அப்பிள்ளைகள் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமலேயே இருந்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் தாழ்ப்பாள் போடப்பட்டது. அதன்பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு உதவித்தொகைப் பட்டியலை அந்த உதவியாளர் மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று இடங்களில் பிழை இருந்தது. அவற்றுள் இரண்டு என்னுடையவை. ஒரு பிள்ளையின் பணமும் திரும்பிப் போகவில்லை.

நிறைவாக, நம் சங்கத்தைப்பற்றியும் ஒரு சொல் கூற அனுமதி வேண்டுகிறேன். சங்கமும் ஒரு பணிக்குழுவே. கூலி வேலை செய்யும் தாய்மார் தரும் சிறுதொகையால் வளர்ந்தது இது. கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்பது அவ்வளவே. நம்பிக்கை அதற்கும் மேல் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் விளங்கிக்கொள்ளுமாறு கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண் எழுந்து, "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டால், முன்வரிசை முகஞ்சுளிக்கலாகாது. கேள்வி கேட்டவரைப் பகைவராகக் கருதிப் பிளவுபட்டுப்போன அமைப்புகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. நம் சங்கம் இன்னும் 25 ஆண்டுகள் கடந்து பொன்விழாக் காண வேண்டுமாயின், கேட்கும் வாய்களையும் கேட்டுக்கொள்ளும் செவிகளையும் இங்கேயே பழக்குவோம்.

இளைஞர்களே, நீங்கள் பணிபுரியும் இடத்தில் உடைந்த மடையைக் கண்டால் சொல்லுங்கள். நாளை நீங்களே தலைமையில் அமரும்போது, ஒருவர் வந்து சொன்னால் நின்று கேளுங்கள். நம் பாட்டன்மார்க்கு இவ்விரண்டில் ஒன்றும் வாய்க்கவில்லை. உங்களுக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன.